மடைன்னா எந்த மடை?

கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்புல அனுப்பிட்டு கால் மேல கால் போட்டு உக்காந்துருக்கலாம். ஆனா அப்படி அனுப்புனா எங்க பக்கத்துல எவனும் வரமாட்டான். "போன்லதான அழைச்சாரு, போன்லயே வாழ்த்திருவோம்"னு சொல்லிருவான். வீடு தேடிப் போயி, தட்டுல வச்சு, வீட்டுல மூத்தவரு கையால குடுத்தாத்தான் அது அழைப்பு.

எம் மகளுக்குத் தையில கல்யாணம். மார்கழியில பத்திரிகை வைக்கக் கிளம்புனோம். தூத்துக்குடிக்குள்ள இருக்க சொந்தக்காரங்களை எம் பொண்டாட்டி ஒத்தையாளா முடிச்சிட்டா. எனக்குன்னு விட்டுவச்சது ஆத்துக்கரை ஊருங்க. துறைமுகத்துல சரக்கு எண்ணி எழுதுத வேலை எனக்கு. கூட வேலை பாக்குதவங்கள்ல பாதிப்பேரு ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பக்கம் வயலும் வாழையும் வச்சிருக்கவங்க. அவங்க வீட்டு விசேசத்துக்கெல்லாம் போயி நான் தின்ன சாப்பாட்டுக்கு பதில் சாப்பாடு போடுத நேரம் வந்தாச்சு.

மூத்தவரு வேணுமே. அதுக்கு எங்க அண்ணன். என்னைவிட பதிமூணு வயசு பெரியவரு. கல்யாணம் கட்டிக்கிடல. எங்கப்பா செத்ததுக்கப்புறம் வள்ளத்துல போயி, மீன் பிடிச்சு, என்னைப் படிக்க வச்சவரு. எனக்குப் பன்னெண்டு வயசுல ஒரே ஒரு தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஏறுன எடத்துல ஆரம்பிச்சு இறங்குன எடம் வரைக்கும் வாந்தி எடுத்தேன். "ஏலே, மீனுக்கு இரை போட்டது போதும். நீ பேனாவைப் பிடிச்சே பொழைச்சுக்கோ"ன்னுட்டாரு. அப்படித்தான் கடக்கரையில பொறந்து, கடலைப் பாத்தாலே கொமட்டுத ஒரு ஆம்பளையா நான் உருவானேன்.

எம் மகளை முத முதலா ஆசுபத்திரியில கையில வாங்குனது அவருதான். நான் பயந்துபோயி வெளிய டீ குடிச்சிட்டிருந்தேன். அவ ஸ்கூலுக்குப் போனது, காய்ச்சல்ல கிடந்தது, சைக்கிள் பழகுனது எல்லாம் அவரு தோள்லதான். ஆனா ரெண்டு வருசமா அண்ணனுக்கு ஞாபகம் நழுவுது. காலையில குடிச்ச காப்பி மத்தியானம் மறந்துபோவும். நாப்பது வருசத்துக்கு முன்ன பிடிச்ச சீலா மீனோட நீளம் மட்டும் அப்படியே இருக்கும். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நான் எம் பங்குக்கு ஜோக் அடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்.

அன்னைக்குக் காலையில ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. மடியில மஞ்சப்பை, பை நிறையப் பத்திரிகை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு கிராமம். ரெண்டு பக்கமும் நடவு முடிஞ்ச வயலு, வாய்க்கால்ல தண்ணி தளும்பிட்டு ஓடுது. முன்ன ஒரு மார்கழியில அந்தப் பெரிய வெள்ளம் வந்துட்டுப் போனதுலேர்ந்து அந்தப் பக்கத்து ஜனங்க மார்கழியில தண்ணியைப் பாத்தா சந்தோசமும் படுதாங்க, வானத்தையும் ஒரு தடவை பாத்துக்கிடுதாங்க.

என்கூட வேலை பாக்குதவரு வீடு. அவரு, சம்சாரம், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு. அண்ணன் எந்திரிச்சி நின்னு, சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, ரெண்டு கையாலயும் தட்டை நீட்டி, "எம் மகளுக்குக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வந்து நிக்கணும்"னாரு.

எல்லாரும் என்னையப் பாத்தாங்க. பொண்ணுக்கு அப்பன் நாந்தான்னு அவங்களுக்குத் தெரியுமே. வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். ஆனா நாலு பேரு என்னையப் பாத்தா எனக்கு ஒரு வியாதி வரும்.

"பாத்தியளா, பெத்தது நானு, பேரு இவருக்கு!"ன்னு ஆரம்பிச்சேன். சிரிச்சாங்க. அதோட விட்டிருக்கலாம். "எங்கண்ணன் லேசுப்பட்ட ஆளு இல்ல. கடலுக்கடியில பாறை பாறையாக் கிடக்கும், மீன் வந்து கூடும், அதுக்கு எங்க ஊர்ல மடைன்னு பேரு. ஒரு காலத்துல இவருக்குத் தெரியாத மடை கிடையாது. இப்ப மடையெல்லாம் மறந்துபோச்சு, மடையன் மட்டும் மிச்சம்!"

பக்கத்து வீட்டுக்காரரு தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. வீட்டுக்காரரு மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டு, "எங்க ஊர்ல மடையைத் திறந்து விடுதவரை அந்தக் காலத்துல மடையன்னுதான் சொல்லுவாவ, அது மரியாதைதான்"னு என்னமோ சமாளிச்சாரு. அண்ணனும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். புரிஞ்சு சிரிச்சாரா, மத்தவங்க சிரிக்காங்கன்னு சிரிச்சாரான்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

"கொஞ்சம் காத்துப்பட நிக்கேன்"னு சொல்லிட்டு பையை எடுத்துக்கிட்டு வெளிய போனாரு. நான் காப்பி குடிச்சேன், முறுக்கு தின்னேன், இன்னும் நாலு ஜோக் சொன்னேன். அரை மணி நேரம் இருக்கும். வெளிய வந்தா ஸ்கூட்டர் நிக்குது, அண்ணனைக் காணோம்.

முதல்ல பயமே வரல. ஒண்ணுக்கு இருக்கப் போயிருப்பாருன்னு நினைச்சேன். தெரு முனையில டீக்கடை. கடைக்காரரு எம் மகள் பத்திரிகையை விரிச்சு வச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சிட்டிருக்காரு.

"அண்ணாச்சி, பொண்ணு பி.எட். முடிச்சிருக்குதா? டீச்சரா?"

"ஆமா. இதைக் குடுத்தவரு எங்க?"

"கல்யாணத்துக்கு வந்துரணும்னு சொல்லி கையைப் பிடிச்சிக்கிட்டாவ. எனக்கு யாருன்னே தெரியல, இருந்தாலும் வாரேன்னு சொல்லிட்டேன். எங்க போறியன்னு கேட்டேன். மடைக்குப் போறேன்னாவ. குளத்துப் பக்கமா நடந்தாவ." சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தாரு. "அண்ணாச்சி, மடை இப்ப திறந்துல்லா கிடக்கு. தண்ணி வேகம்."

அந்த 'வேகம்'ங்கிற வார்த்தைதான். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் கேக்கல. அரை மணி நேரத்துக்கு முன்ன, எங்க ஊர்ல மடைன்னா என்னன்னு விளக்கம் சொல்லி கைத்தட்டு வாங்குனவன் நானு. அவ்வளவும் மறந்துபோச்சு. மறதி அண்ணனுக்குன்னு மாத்திரை வாங்கிட்டிருக்கோம்.

டீக்கடைக்காரரு கடையை அப்படியே போட்டுட்டு வந்தாரு. இன்னும் மூணு பேரு சேந்துக்கிட்டாங்க. குளத்தங்கரை மேல ஓடுனோம். நான் ஓடுனேன்னு சொல்லுதது பெருமைக்கு. அவங்க ஓடுனாங்க, எந் தொப்பை என்னைய இழுத்துட்டுப் போச்சு. மடைக்குள்ளேர்ந்து தண்ணி வெளிய பாயுத இடத்துல நுரை நுரையாச் சுத்துது. ஒருத்தரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கி, கம்பை விட்டுத் துழாவுனாரு. கம்பு நுனியில ஒரு செருப்பு மாட்டிக்கிட்டு வந்துச்சு. ஒத்தைச் செருப்பு. பழுப்பு வாரு.

"இது அவரு செருப்பா, பாருங்க."

பாத்தேன். எனக்குத் தெரியல.

அவரு கூட ஒரே வீட்டுல இத்தனை வருசமா இருக்கேன். காலையில அவரு கால்ல செருப்பை மாட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். அவரு என்ன செருப்பு போட்டிருந்தாரு, என்ன நிறம், என்ன அளவு, ஒண்ணும் தெரியல. நாலு பேரும் என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்காங்க.

பொண்டாட்டிக்குப் போன் போட்டேன். விசயத்தைச் சொல்லாம, "அண்ணன் செருப்பு என்ன நிறம்?"னு கேட்டேன்.

"நீலம். போன வாரம் நாந்தான வாங்கியாந்தேன். எதுக்குக் கேக்கிய?" ரெண்டு நொடி கழிச்சு அவ குரல் மாறிப்போச்சு. "அவரு எங்க?"

சொன்னேன். கத்துவான்னு எதிர்பார்த்தேன். கத்தல. "அவரு இல்லாம வீட்டுக்கு வராதிய"ன்னு மெதுவாச் சொல்லி வச்சிட்டா. அவ கத்துனா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருந்திருக்கும்.

அந்தக் குளத்துக்கு மடை ஒண்ணு இல்லையாம். அடுத்த மடைக்கு ஓடுனோம், அதுக்கடுத்ததுக்கும் போனோம். எங்கயும் ஆளு இல்ல. திரும்பி வரும்போது ரோட்டுல ஒரு மினிபஸ் நின்னுச்சு. கண்டக்டர் பையில எம் மகள் பத்திரிகை எட்டிப் பாத்துட்டு இருக்கு.

"டிக்கெட் கேட்டேன் அண்ணாச்சி, இதை எடுத்துக் குடுத்தாவ"ன்னாரு கண்டக்டர். "மடைக்குப் போகணும்னாவ. எந்த மடைன்னு கேட்டேன், பெரிய மடைன்னாவ. ஏரல்ல இறக்கி விட்டு, இங்கன கேளுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். தப்புன்னா மன்னிச்சிக்கோங்க. பாக்க தெளிவாத்தான் இருந்தாவ."

தெளிவாத்தான் இருப்பாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாரிவிட்ட தலை. பாத்தா என்னைத்தான் யாராச்சும் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஏரலுக்குப் போனேன். வழியில வாய்க்கால் பாலம் வந்தா நிப்பேன், எட்டிப் பாப்பேன். வயல்ல நிக்கவங்ககிட்ட கேப்பேன். "மடையா? இங்கன ஒண்ணு இருக்கு, அங்கன வாழைக்கு அந்தாண்ட ஒண்ணு இருக்கு"ன்னு ஆளாளுக்குக் கையைக் காட்டுவாங்க. ஒவ்வொருத்தரும் நல்ல மனசோடதான் காட்டுனாங்க. பாதிப்பேரு கூட வந்தும் பாத்தாங்க. அந்த ஊருங்கள்ல இத்தனை மடை இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மடையிலயும் தண்ணி ஒரே மாதிரிச் சத்தம் போடுது. சின்னப் பிள்ளையிலேர்ந்து அண்ணன் நீச்சல் அடிச்ச கடலு எனக்கு ஞாபகத்துல வருது. ஆனா அறுபத்தெட்டு வயசுக்காரனுக்கு முழங்கால் தண்ணியே போதும்னும் ஞாபகத்துல வருது.

ஏரல்ல கடைத்தெரு. சில கடைச் சுவத்துல வெள்ளம் ஏறி நின்ன கோடு இன்னும் போகல. என் தலைக்கு மேல இருக்கு அந்தக் கோடு. ஒரு பாத்திரக் கடையில ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. "ஒரு வயசானவரு, மஞ்சப்பை"ன்னு நான் ஆரம்பிச்சதும், "போட்டோ இருக்கா? காட்டுங்க"ன்னாங்க.

போனை எடுத்தேன். எங்கண்ணன் போட்டோ நிறைய இருந்துச்சு. வாயைப் பொளந்து தூங்குதது ஒண்ணு. காதுல எம் மகள் செம்பருத்திப் பூவைச் சொருகிவிட்டது ஒண்ணு. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நிக்கது ஒண்ணு. கண்ணாடியைத் தேடிட்டிருக்காரு, கண்ணாடி நெத்தியில இருக்கு, அது ஒண்ணு. எல்லாம் நான் எடுத்தது. எடுத்து, கீழ ஒரு வரி எழுதி, சொந்தக்காரங்க குரூப்புல போட்டது. முகம் நேரா, ஒழுங்காத் தெரியுத மாதிரி ஒண்ணு தேடுதேன், தேடுதேன், இல்ல.

கடைசியில அந்தக் கண்ணாடி போட்டோவைக் காட்டுனேன். இதுவரைக்கும் அதைப் பாத்த எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அந்தம்மா சிரிக்கல. உத்துப் பாத்துட்டு, போனை என்கிட்ட மெதுவாத் திருப்பிக் குடுத்தாங்க.

"இவருதான். தாகமா இருந்துச்சு போல, தண்ணி கேட்டாரு, குடுத்தேன். பத்திரிகை குடுத்தாரு. ஆத்தூருக்கு வெத்தலைக்கட்டு இறக்கப் போற ஆட்டோவுல கேட்டு ஏறிக்கிட்டாரு." அப்புறம் சொன்னாங்க, "அண்ணாச்சி, நீங்க மொதல்ல உக்காந்து தண்ணி குடிங்க."

குடிச்சேன். போலீஸ்ல சொல்லணுமான்னு கேட்டேன். "ஆத்தூர்ல பாருங்க. இல்லேன்னா உடனே சொல்லிருங்க. இருட்டுனா ஆத்தோரம் தேட முடியாது"ன்னாங்க.

மணி நாலு ஆயிருச்சு. உமரிக்காடு தாண்டி, முக்காணியில பாலம் ஏறி, ஆத்தூருக்கு வந்தேன். பாலத்து மேல நிறுத்தி ரெண்டு பக்கமும் பாத்தேன். ஆறு அகலமா, சேறு கலந்து, சத்தமே இல்லாமப் போவுது. சத்தம் போட்ட மடையெல்லாம் பரவாயில்லன்னு தோணிச்சு.

ஆத்தூர் பஸ் நிக்குத இடத்துல ஒரு மீன்காரி அக்கா. வியாபாரம் முடிஞ்சு, காலியான அலுமினியச் சட்டியைக் கவுத்தி வச்சு, அது மேல உக்காந்து வெத்தலை போட்டுட்டிருந்தா. நான் வெத்தலைக் கடைக்காரருகிட்ட, "மடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு வயசானவரு வந்தாரா? இங்கன மடை எங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டிருக்கேன். அவரு வழக்கம்போல ஒரு பக்கமாக் கையைத் தூக்குனாரு.

மீன்காரி அக்கா வெத்தலையைத் துப்பிட்டு என்னைய மேலேர்ந்து கீழ பாத்தா.

"ஏ, உனக்கு எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடியில எங்க?"

சொன்னேன். எந்த மாதா கோயில் பங்குன்னும் கேட்டா. அதையும் சொன்னேன்.

"கடக்கரைக்காரனா நீ? போனவரு என்ன வேலை பாத்தவரு?"

"வள்ளத்துல..."ன்னு ஆரம்பிச்சவன் அப்படியே நின்னுட்டேன்.

"வள்ளத்துக்காரன் மடைன்னா வாய்க்கால்ல போயித் தேடுவியாலே? குளத்துல சீலா மீனு வருமா? ஆத்துத் தண்ணி குடிச்சு மூளை குழம்பிப்போச்சா உனக்கு? புன்னக்காயலுக்கு ஓடு. கடலுக்குப் போறதுக்கு இந்தப் பாதையில அதுதான கடைசி ஊரு!" அப்புறம் குரலை இறக்கி, "போ அய்யா. எங்க ஊருதான். அங்க எவனாவது பாத்திருப்பான். வயசான மனுசனைத் தனியா விட மாட்டாங்க. போ"ன்னா.

மறுபடி ஸ்கூட்டர். எத்தனை பேரு எனக்காகச் செருப்புக் காலோட சேத்துல இறங்குனாங்க! அத்தனை பேரையும் தப்பான தண்ணியில தேட விட்டவன் நான். அந்த வார்த்தையை வச்சு அண்ணனைக் கேலி பண்ண மட்டும் தெரிஞ்சது. அதே வார்த்தையை வச்சு அவரைத் தேடத் தெரியல.

ஆறு கடல்ல போயிச் சேருத இடம் புன்னக்காயல். ரோடு முடியுத இடத்துல சிலுவை நட்ட ஒரு குருசடி, அதைத் தாண்டி மணலு. படகெல்லாம் ஏத்தி விட்டிருக்கு. கிழிஞ்ச வலையைக் காலுக்கிடையில போட்டு ரெண்டு பேரு பொத்துப் போட்டுட்டிருந்தாங்க. அவங்களுக்கு நடுவுல, மணல்ல கால் நீட்டி, எங்கண்ணன். நீலச் செருப்பைக் கழத்தி ஜோடியாப் பக்கத்துல வச்சிருக்காரு.

படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுல ஒருத்தரு எந்திரிச்சி வந்து, "நீங்கதான் தேடி வந்தவரா? போன் நம்பர் கேட்டோம், சொல்லத் தெரியல. சாயங்காலம் பஸ்ல நாங்களே கூட்டிட்டு வரலாம்னு இருந்தோம். மத்தியானம் பஸ்ல வந்து இறங்குனாரு, சாப்பிட்டாரு. கவலைப்படாதிய"ன்னாரு.

"கடலுக்குப் போகணும்னு கேட்டாரா?"

"கேட்டாரு. இன்னைக்குக் காத்து சரியில்ல, நாளைக்குப் போவோம்னோம். ஒத்துக்கிட்டாரு." வலைக்காரரு குரலைத் தணிச்சாரு. "இவரு சொல்லுத மடை நெசமாவே இருக்கு அண்ணாச்சி. அந்தா அந்தக் குருசையும் ஆத்து வாயில நிக்க ஒத்தைப் பனையையும் ஒரே கோட்டுல பிடிச்சுக்கிட்டுப் போனா வரும்னு சொல்லுதாரு. சரியாத்தான் சொல்லுதாரு. அந்தப் பனை வெள்ளத்துலயே போயிருச்சு. நாங்க அதைச் சொல்லிக்கிடல."

நான் அண்ணன் முன்னால போயி நின்னேன். என்னைய நிமிந்து பாத்தாரு. முகத்துல கோவம் இல்ல. அடையாளம் தெரிஞ்ச மாதிரியும் இல்ல. கையை ஊனி எந்திரிச்சாரு. வேட்டியில ஒட்டுன மணலைத் தட்டுனாரு. சட்டையைச் சரி பண்ணுனாரு. மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு, மிச்சம் கிடந்த ஒரே ஒரு பத்திரிகையை எடுத்து, ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டுனாரு.

"எங்க தம்பி மகளுக்குக் கல்யாணம். நீங்க குடும்பத்தோட வந்து நிக்கணும்."

தம்பி மகளுக்கு. காலையில சொன்ன மாதிரி எம் மகளுக்குன்னு சொல்லல.

வாங்கிக்கிட்டேன். "தம்பி வரலையா?"ன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்னு தெரியல.

"அவன் அங்கன பேசிட்டிருக்கான். நல்லாப் பேசுவான். நாலு பேரு இருந்தா கொஞ்சம் கிண்டல் பண்ணுவான். நீங்க மனசுல வச்சுக்கிடாதிய."

வலைக்காரங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சு வலையைப் பாத்தாங்க.

"உங்க மகளுக்குக் கல்யாணம்னே சொல்லுங்க அண்ணே"ன்னேன். "நீங்கதான வளத்தீங்க."

சுத்திமுத்தும் பாத்தாரு. அப்புறம் ரகசியம் சொல்லுத மாதிரி பக்கத்துல வந்து, "வேண்டாம். தம்பி சிரிப்பான்"னாரு.

தூத்துக்குடிக்குத்தான் போறேன், வாரியளான்னு கேட்டேன். "வழியில இறக்கி விட்டா போதும்"னாரு. நீலச் செருப்பை எடுத்து அவரு காலுக்கு நேரா வச்சேன், மாட்டிக்கிட்டாரு. பொண்டாட்டிக்கு "கிடைச்சிட்டாரு"ன்னு ஒரே வார்த்தை சொன்னேன். மறுபக்கம் அவ அழுத சத்தம் கேட்டுச்சு, வச்சிட்டேன்.

இருட்டுததுக்கு முன்ன கிளம்புனோம். ஆத்தூரு, முக்காணி, அப்புறம் உப்பளம். காலையில வரும்போது தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்த மனுசன், இப்ப முன்னப்பின்னத் தெரியாத ஆளு வண்டியில வாரவரு மாதிரி, பின்னால இருக்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு.